செட்டிநாட்டை பஸ்ஸிலும் ரயிலிலும் சுற்றிப் பார்க்க: முழுமையான வழிகாட்டி

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக்கிடக்கும் எழுபதுக்கும் மேற்பட்ட நகரத்தார் ஊர்களைச் சேர்த்துத்தான் செட்டிநாடு என்கிறோம். அதன் நடுவில் காரைக்குடி இருக்கிறது. காரைக்குடியிலிருந்து எந்த ஊருக்கும் பஸ் உண்டு. ஆனால் ஓர் ஊரிலிருந்து பக்கத்து ஊருக்குக் குறுக்கே போவதென்றால் பெரும்பாலும் நேர் பஸ் இருக்காது. மேப்பில் கானாடுகாத்தானும் ஆத்தங்குடியும் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். பஸ்ஸில் போனால் காரைக்குடிக்குத் திரும்பி வந்து, வேறு பஸ் பிடித்து, மறுபடி வெளியே போகவேண்டியிருக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரே நாளில் ஐந்து ஊர் என்று பட்டியல் போடுகிறவர்கள் பாதி நாளை பஸ் ஸ்டாண்டில்தான் கழிப்பார்கள்.

அதனால் காரைக்குடியில் தங்குங்கள், ஒரு நாளைக்கு ஒரு சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாலையோடு போக பஸ், சாலை மாறிக் குறுக்கே போக ஆட்டோ. மற்ற விவரம் எல்லாம் இந்த ஏற்பாட்டுக்குள் அடங்கிவிடும்.

காரைக்குடிக்கு வந்து சேர்வது

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு மூன்று ரயில்கள் முக்கியம். முதலாவது பல்லவன். முன்பு திருச்சியோடு நின்றது, இப்போது காரைக்குடி வரை வருகிறது. பிற்பகல் கிளம்பி இரவு பத்தரை வாக்கில் வந்து சேரும். முழுக்க உட்காரும் வண்டி, படுக்கை கிடையாது. இரண்டாவது சேது எக்ஸ்பிரஸ். மாலையில் புறப்பட்டு நள்ளிரவை ஒட்டி காரைக்குடி வரும். மூன்றாவது, பழைய ஆட்கள் இன்னும் போட் மெயில் என்றே சொல்லும் ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ். இது மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று சுற்றி வருவதால் விடியலுக்கு முன்னால்தான் காரைக்குடியைத் தொடும். தூங்கிக்கொண்டே வந்து காலையில் இறங்கி நேராக ஊர் பார்க்கக் கிளம்ப நினைப்பவர்களுக்கு இதுதான் தோது. சேதுவில் வந்தால் அறை வாடகையில் ஒரு இரவு கூடும், தூக்கமும் கெடும். செங்கோட்டைக்குப் போகும் சிலம்பு எக்ஸ்பிரஸும் காரைக்குடி வழிதான், ஆனால் தினமும் ஓடாது.

முன்பதிவில் கவனிக்க வேண்டியவை சில. முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கும், பழைய 120 நாள் கணக்கு 2024 நவம்பரோடு போய்விட்டது. தட்கல், ஏசி வகுப்புகளுக்கு முதல் நாள் காலை 10 மணிக்கும் மற்றவற்றுக்கு 11 மணிக்கும் திறக்கும். இணையத்தில் எடுக்க ஆதார் சரிபார்ப்பு முடிந்த கணக்கு வேண்டும். எழும்பூர் நிலையத்தில் மறுசீரமைப்பு வேலை நடப்பதால் சில வண்டிகளைத் தாம்பரத்திலிருந்து விடுகிறார்கள், அதனால் டிக்கெட்டில் ஏறுமிடம் என்ன போட்டிருக்கிறது என்று கிளம்பும் நாளில் இன்னொரு முறை பாருங்கள்.

காரைக்குடியிலிருந்து ராமேஸ்வரம் போக சேதுவில் ஏறுகிறவர்கள் தேதியில் தவறுவது வழக்கம். சென்னையில் 10-ஆம் தேதி கிளம்பும் வண்டி 12 மணி தாண்டிக் காரைக்குடிக்கு வந்தால், உங்களுக்கு அது 11-ஆம் தேதி வண்டி. 11-ஆம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டு நிதானமாக ஸ்டேஷனுக்குப் போனால் உங்கள் வண்டி அதிகாலையிலேயே போயிருக்கும். இரவு வண்டியில் வந்து இறங்குகிறவர்கள் 139-க்கு அழைத்து, ஊர் வருமுன் எழுப்பும் அழைப்பைப் பதிவு செய்துகொள்ளலாம். காரைக்குடியில் வண்டி நிற்பது சில நிமிடம்தான், பெட்டியை வாசல் பக்கம் கொண்டுபோய்விடுங்கள்.

பஸ் என்றால் சென்னையில் கோயம்பேட்டுக்குப் போகாதீர்கள். தென் மாவட்ட அரசு பஸ்கள் கிளாம்பாக்கத்திலிருந்துதான் புறப்படும். காரைக்குடிக்கு எட்டு ஒன்பது மணி நேரம் பிடிக்கும்.

திருச்சியிலிருந்து வந்தால் ரயிலும் நல்லது, பஸ்ஸும் நல்லது. ரயிலில் புதுக்கோட்டை வழியாக ஏறத்தாழ 90 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். ஆனால் ஒரு வண்டியை விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க நேரும். பஸ்ஸில் இரண்டு மணிக்குச் சற்று மேல் ஆகும், காத்திருப்பு அதிகம் இருக்காது. திருச்சி ஜங்ஷனில் இறங்கி எதிரே உள்ள மத்திய பேருந்து நிலையத்தில் போய் நிற்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். 2025 நடுவிலிருந்து வெளியூர் பஸ்கள் பஞ்சப்பூர் முனையத்துக்கு மாறிவிட்டன. ஜங்ஷனிலிருந்து பஞ்சப்பூருக்கு டவுன் பஸ் பிடித்துப் போகும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

மதுரைக்காரர்கள் ரயிலை மறந்துவிடலாம். மதுரைக்கும் காரைக்குடிக்கும் நேர் தண்டவாளம் இல்லை, மானாமதுரை போய் வண்டி மாறித் திரும்பி மேலே வரவேண்டும். மாட்டுத்தாவணியில் ஏறினால் மேலூர், திருப்பத்தூர் வழியாக இரண்டு மணி நேரத்தில் காரைக்குடி. பெரியார், ஆரப்பாளையம் நிலையங்களில் காரைக்குடி பஸ்ஸைத் தேட வேண்டாம்.

டெல்டா பக்கமிருந்து வருகிறவர்களுக்குத் திருவாரூர், பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வழியாகக் காரைக்குடி வரும் அகலப்பாதை 2019-இல் முழுதாகத் திறந்தது. புது பாம்பன் பாலம் திறந்த 2025 ஏப்ரலில் தொடங்கிய தாம்பரம்–ராமேஸ்வரம் வண்டி இந்த வழியில்தான் ஓடுகிறது. வண்டிகள் குறைவு என்பதால் நேரம் பார்த்துவிட்டுத்தான் இதை நம்ப வேண்டும்.

ஊர்ப் பெயர் தரும் குழப்பம்

டிக்கெட் எடுக்கும்போது மூன்று பெயர்கள் ஆளைக் கவிழ்க்கும்.

திருப்பத்தூர்: பிள்ளையார்பட்டிக்கு அடுத்துள்ள சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூருக்கு ரயிலே கிடையாது. ரயில் செயலியில் திருப்பத்தூர் என்று தட்டினால் வருவது ஜோலார்பேட்டைக்குப் பக்கத்துத் திருப்பத்தூர். அரசு பஸ் முன்பதிவிலும் மாவட்டத்தைப் பார்த்து எடுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா: காரைக்குடிக்கு அடுத்த ரயில் நிலையம் இது. தேவகோட்டை ஊர் இங்கிருந்து பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தேவகோட்டைக்குப் போகிறவர்கள் காரைக்குடியிலேயே இறங்கி பஸ் ஏறுவதுதான் சுலபம்.

செட்டிநாடு: இந்தப் பெயரில் உள்ள ரயில் நிலையம் கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில், புதுக்கோட்டைக்கும் காரைக்குடிக்கும் இடையில் இருக்கிறது. கானாடுகாத்தானில் அறை போட்டிருந்தால் அருமையான இடம். ஆனால் எல்லா வண்டியும் நிற்பதில்லை, இறங்கியதும் ஆட்டோ வரிசை கட்டி நிற்கும் ஸ்டேஷனும் இல்லை. நீங்கள் ஏறும் வண்டி அங்கே நிற்குமா என்று பட்டியலைப் பாருங்கள், தங்கப்போகும் வீட்டில் சொல்லி ஆளை வரச் சொல்லுங்கள்.

காரைக்குடிக்குள்

ரயில் நிலையம் ஊருக்குச் சற்று ஒதுக்குப்புறம். பஸ் ஸ்டாண்ட் இரண்டு. புதிய பஸ் ஸ்டாண்டில் மதுரை, திருச்சி, ராமேஸ்வரம், சென்னை என்று வெளியூர் வண்டிகள். பழைய பஸ் ஸ்டாண்ட் கடைத்தெருவை ஒட்டியது, சுற்றுக் கிராமங்களுக்குப் போகும் டவுன் பஸ்களுக்கு அதுதான் இடம். ஊர்க்காரரிடம் வழி கேட்கும்போது வெறுமனே “பஸ் ஸ்டாண்ட்” என்றால் அவர் மனசில் இருப்பது எதுவென்று தெரியாது, புதுசா பழசா என்று சேர்த்தே கேளுங்கள். கிராமங்களைப் பார்க்கத்தான் வந்திருக்கிறீர்கள் என்றால் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போகும் தூரத்தில் அறை எடுங்கள். பழம்பொருள் கடைகள் உள்ள முனீஸ்வரன் கோயில் தெரு, கொப்புடையம்மன் கோயில் எல்லாம் ஊருக்குள்ளேயே முடிந்துவிடும். ஆயிரம் ஜன்னல் வீட்டை வெளியிலிருந்துதான் பார்க்கலாம்.

எந்த பஸ், எப்படி ஏறுவது

காரைக்குடியில் ஓடும் அரசு பஸ்கள் கும்பகோணம் கோட்டத்தைச் சேர்ந்தவை. உங்களுக்கு வேண்டியவை மூன்று வகை. டவுன் பஸ் ஊருக்குள் புகுந்து, கைகாட்டும் இடத்திலெல்லாம் நின்று போகும். ரூட் பஸ் பெரிய ஊர்களுக்கு இடையில் ஓடுவது, நிறுத்தத்தில் மட்டும் நிற்கும். தனியார் மினி பஸ் டவுன் பஸ்ஸும் போகாத சின்ன ரோடுகளில் ஓடும்.

பெண்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021-இலிருந்து டிக்கெட் காசு இல்லை. வெளியூர்க்காரர்களுக்கும் இது பொருந்தும், அடையாள அட்டை கேட்க மாட்டார்கள். ஆனால் கண்டக்டர் தரும் கட்டணமில்லா டிக்கெட்டை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ரூட் பஸ்ஸிலும் மினி பஸ்ஸிலும் இந்தச் சலுகை இல்லை.

போர்டை முழுசாகப் படியுங்கள். பெரிய எழுத்தில் இருப்பது போய்ச்சேரும் ஊர், சின்ன எழுத்தில் “வழி” என்று போட்டிருப்பதுதான் உங்களுக்கு வேண்டியது. ஒரே ஊருக்கு இரண்டு மூன்று வழியில் பஸ் போகும். வந்து நின்ற பஸ்ஸில் டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தால் போர்டு இன்னும் வந்த ஊரைக் காட்டிக்கொண்டிருக்கும், அதை நம்பி ஏறி உட்கார்ந்துவிடாதீர்கள். “அண்ணே, இது கானாடுகாத்தான் ஊருக்குள்ள போகுமா, விலக்கோட சரியா?” என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். இந்தக் கேள்விதான் செட்டிநாட்டு பஸ் பயணத்தில் பாதி. பல ஊர்கள் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கின்றன. ரூட் பஸ் விலக்கில், அதாவது ஊருக்குள் ரோடு பிரியும் இடத்தில், இறக்கிவிட்டுப் போய்விடும், மிச்ச தூரம் நடைதான், நிழல் குறைவு. விரைவு பஸ்கள் புறவழிச்சாலையில் போய் விலக்கைக்கூடத் தொடாமல் கடந்துவிடுவதும் உண்டு.

காலை எட்டு முதல் ஒன்பது வரையும், மாலை நான்கு முதல் ஐந்தரை வரையும் பள்ளி, கல்லூரிக் கூட்டம். பையோடு ஏறுகிறவர்கள் ஏழரைக்குள் கிளம்பிவிடலாம், அல்லது ஒன்பதரைக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை கிராம பஸ்கள் இடைவெளி விட்டுத்தான் வரும். பெரிய சூட்கேஸோடு டவுன் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போடுவார், அதில் தப்பில்லை. பத்து, இருபது ரூபாய்த் தாள்களைக் கையில் வைத்திருங்கள். ஐந்து ரூபாய் டிக்கெட்டுக்கு ஐந்நூறை நீட்டினால் மீதி டிக்கெட்டின் பின்னால் எழுத்தாகத்தான் வரும், இறங்கும்போது கேட்டு வாங்க மறந்தால் போனது போனதுதான்.

இரவில் கிராமத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. பல ஊர்களில் அந்த பஸ் அங்கேயே தங்கிவிட்டு, காலை முதல் நடையாகத்தான் திரும்பும். “ஸ்டே பஸ்” என்பார்கள். ஏழு எட்டு மணிக்கு ஒரு பஸ் ஊருக்குள் வருவதைப் பார்த்து, அதே பஸ் காரைக்குடிக்குத் திரும்பும் என்று காத்திருக்க வேண்டாம். மாலையில் கிராமத்தில் இறங்கும்போதே “திரும்ப வர்ற கடைசி வண்டி எத்தனை மணிக்கு?” என்று கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். டீக்கடையிலும் சரியாகச் சொல்வார்கள். செல்போன் மேப் காட்டும் நேரத்தைக் கிராம பஸ்ஸுக்கு நம்பாதீர்கள்.

திருச்சி சாலை: திருமயம், கானாடுகாத்தான், கோட்டையூர்

எந்தச் சாலையிலும் முதலில் கடைக்கோடிக்குப் போய்விட்டு, அங்கிருந்து காரைக்குடியை நோக்கித் திரும்பி வாருங்கள். பொழுது சாயச் சாய காரைக்குடி கிட்டே வரும், பஸ்ஸும் கூடும். தலைகீழாகப் போனால் இருட்டும் நேரத்தில் இருபது கிலோமீட்டர் தள்ளி நிற்பீர்கள்.

இந்தச் சாலையில் கடைக்கோடி திருமயம். 1687-இல் ராமநாதபுரம் சேதுபதி கட்டிய கோட்டை. மேலே ஏறினால் வெறும் பாறை, பத்து மணிக்குமேல் கால் சுடும். அதனால் காலையில் முதல் வேலையாக இது. கீழே மலையைக் குடைந்த சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் அடுத்தடுத்து இருக்கின்றன, மதியம் நடை சாத்துமுன் பார்த்துவிடலாம். புதுக்கோட்டை, திருச்சி போகும் ரூட் பஸ்ஸில் போகலாம், திருமயத்துக்குள் போகுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது கானாடுகாத்தான். டவுன் பஸ் கிடைத்தால் ஊருக்குள்ளேயே இறக்கிவிடும். ராஜா அரண்மனை எந்நாளும் உள்ளே பார்க்கத் திறந்திருக்கும் என்று எண்ணி வராதீர்கள், ஆனால் தெருக்களுக்காகவே வரலாம். ஒரு தெருவில் முன்வாசல் திறக்கும் வீட்டின் பின்கதவு அடுத்த தெருவில் இருக்கும். அந்த நீளத்தை நடந்தால்தான் வீட்டின் அளவு புரியும். மதியச் சாப்பாட்டை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். விடுதியாக மாறிய வீடுகளில் காலையிலேயே ஆள் எண்ணிக்கை கேட்டுத்தான் உலை வைப்பார்கள். சொல்லாமல் போனால் டீயும் பன்னும்தான்.

கோட்டையூர் காரைக்குடிக்கு ஐந்தாறு கிலோமீட்டர். நேரம் இருந்தால் இறங்குங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

மதுரை சாலை: திருப்பத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி, குன்றக்குடி

கோயில் நாள் இது, பஸ்ஸும் நிறைய. இடைஞ்சல் செய்வது நடை சாத்தும் நேரம்தான். மதியம் ஒரு மணி வாக்கில் சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். காலை ஆறரைக்குக் கிளம்பி நேராகத் திருப்பத்தூர், அங்கே திருத்தளிநாதர் கோயில். அடுத்து வைரவன்பட்டி, பிறகு பிள்ளையார்பட்டி. பன்னிரண்டு மணிக்குள் பிள்ளையார்பட்டியில் இருந்தால் குடைவரைப் பிள்ளையாரைத் தள்ளுமுள்ளு இல்லாமல் பார்க்கலாம். காரைக்குடி திரும்பிச் சாப்பிட்டு, வெயில் தாழ்ந்ததும் குன்றக்குடி. பத்து கிலோமீட்டர்தான், மாலை மலை ஏறி இறங்கி இருட்டுமுன் திரும்பலாம். குன்றக்குடியையும் காலையிலேயே சேர்த்து முடிக்கப் பார்த்தால் ஏதாவது ஒரு கோயிலில் சாத்திய கதவைத்தான் கும்பிட்டு வருவீர்கள்.

மதுரை விரைவு பஸ்ஸில் ஏறி “பிள்ளையார்பட்டி” என்று கேட்டால் கண்டக்டர் ஏற்றமாட்டார், அல்லது தள்ளி இறக்கிவிடுவார். பிள்ளையார்பட்டி வழி என்று போர்டு போட்ட வண்டியைப் பாருங்கள்.

நகரத்தாரின் ஒன்பது கோயில்களையும் தரிசிக்க வருகிறவர்களுக்கு: பிள்ளையார்பட்டியும் வைரவன்பட்டியில் உள்ள வைரவன்கோயிலும் பஸ்ஸுக்கு வசதி. இளையாற்றங்குடி, இரணியூர், மாற்றூர், நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி எல்லாவற்றையும் பஸ்ஸில் ஒரே நாளில் முடிக்க முடியாது. இதற்கு மட்டும் கார் பேசுங்கள்.

ஆத்தங்குடி

பஸ் குறைவான, ஆனால் எல்லோரும் பார்க்க விரும்பும் ஊர். பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து டவுன் பஸ் உண்டு. ஒரு நடையை விட்டால் அடுத்தது எப்போது என்று கேட்காமல் ஊருக்குள் நடக்காதீர்கள். டைல்ஸ் வேலையைக் கண்ணால் பார்க்க வேலைநாள் காலையில் போவது நல்லது. கண்ணாடித் தட்டின் மேல் இரும்பு அச்சை வைத்து, தடுப்பு தடுப்பாகக் கரண்டியால் சாயச் சிமெண்டை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துவார்கள். கண்ணாடி பட்ட பக்கம்தான் பின்னால் தரையில் பளபளக்கும் முகம். அரண்மனை என்று சொல்லப்படும் பெரிய வீட்டுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு.

கானாடுகாத்தானையும் ஆத்தங்குடியையும் ஒரே நாளில் பார்த்தே ஆகவேண்டும் என்றால் இங்கேதான் ஆட்டோ. மீட்டர் ஓடாது. எங்கெங்கே போகவேண்டும், எவ்வளவு நேரம் நிற்கவேண்டும், திரும்ப எங்கே விடவேண்டும் என்று மூன்றையும் சொல்லி, வெயிட்டிங்கோடு சேர்த்து ஒரே தொகையாகப் பேசிவிட்டு ஏறுங்கள். ஒரு வழி மட்டும் பேசிப் போனால் ஆத்தங்குடியில் திரும்ப வண்டி தேடி அலையவேண்டியிருக்கும். தங்கும் விடுதியில் ஒரு விலை கேட்டுக்கொண்டு, ஸ்டாண்டில் இன்னொரு விலை கேட்டால் நியாயம் எதுவென்று தெரிந்துவிடும்.

தெற்கே தேவகோட்டைக்கு பஸ்கள் நிறைய, பதினெட்டு கிலோமீட்டர்தான். வழியில் அரியக்குடி பெருமாள் கோயில். அரை நாள் போதும். கல்லல், நாட்டரசன்கோட்டை பக்கம் மானாமதுரை தடத்தில் சாதாரண ரயில்கள் நின்று போகும், நேரம் ஒத்துவந்தால் கூட்டமில்லாமல் போகலாம். இந்த வண்டிகளுக்கு முன்பதிவு வேண்டாம், ரயில்ஒன் செயலியில் டிக்கெட் எடுக்கலாம். தண்டவாளத்தை ஒட்டி நின்றுகொண்டு முயன்றால் செயலி விடாது, ஸ்டேஷனுக்கு வெளியிலேயே எடுத்துவிடுங்கள்.

எந்த நாட்களைத் தவிர்ப்பது

அக்டோபர் கடைசி வாரம் மிக முக்கியம். 24-ஆம் தேதி திருப்பத்தூரிலும் 27-ஆம் தேதி காளையார்கோவிலிலும் மருது பாண்டியர் குருபூஜை, 30-ஆம் தேதி பசும்பொன்னில் தேவர் ஜெயந்தி. சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் போலீஸ் கட்டுப்பாடு, வழி மாற்றம் எல்லாம் இருக்கும். பஸ்ஸை நம்பி அந்த வாரம் சுற்றத் திட்டமிடாதீர்கள். தை 3-ஆம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டு, திருப்பத்தூர் சாலை நெரியும். தைப்பூசத்தை ஒட்டிப் பழனி பாதயாத்திரைக் கூட்டம் குன்றக்குடி வழியாக நடக்கும், விநாயகர் சதுர்த்தியில் பிள்ளையார்பட்டியில் நிற்க இடமிருக்காது. பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடியும் அப்படியே. திருவிழாவுக்காகவே வருகிறீர்கள் என்றால் அறையை முதலில் பிடியுங்கள், டிக்கெட்டை அப்புறம் பார்க்கலாம்.

திரும்பிப் போவது

பல்லவன் காரைக்குடியில் காலை ஐந்தரை வாக்கில் புறப்படும். அந்த நேரத்துக்கு டவுன் பஸ்ஸை நம்ப முடியாது. முதல் நாள் இரவே ஆட்டோக்காரரிடம் நேரம் சொல்லி, போன் நம்பர் வாங்கி வைத்து, நாலரைக்கு ஒரு முறை அழைத்து எழுப்பிவிடுங்கள். ஞாயிறு மாலையிலும் முகூர்த்த நாள் மறுநாளும் சென்னை பஸ்கள் நிரம்பிவிடும். நேர் பஸ் கிடைக்காவிட்டால் காரைக்குடியில் காத்திருக்காமல் திருச்சிக்கு ஏறிவிடுங்கள், அங்கிருந்து சென்னைக்கு இரவு முழுக்க வண்டி உண்டு. மதுரையில் விமானம் அல்லது ரயில் பிடிக்கிறவர்கள் மாட்டுத்தாவணியிலிருந்து ஜங்ஷனுக்கோ விமான நிலையத்துக்கோ போக ஒரு மணி நேரம் தனியாக ஒதுக்கிக்கொள்ளுங்கள்.